கை கழுவுமிடம்

வளையலைக் கழற்று, தங்கச்சி.
மோதிரத்தையும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடு.
முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போடு.
சுவரில் ஒட்டிய படம் ஆறு கட்டம் சொல்லும்,
ஐம்பத்தெட்டு நாளில் எனக்கது கனவிலும் வந்தது.

உன் பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை.
பெட்டியில் உன் பெயர்தான் இருக்கும்:
யாழ்மதியின் குழந்தை, பெண், ஆயிரத்து நாற்பது.
என்னுடையது தொள்ளாயிரத்து இருபது.
கொட்பேயில் மீன் நிறுக்கிறவர் என் மனிசன்.
எண்ணைக் கேட்டதும் உள்ளங்கையைப் பார்த்தார்.
அது எவ்வளவென்று அந்தக் கைக்குத் தெரியும்.
பிறகு ஒரு மாதம் தராசடிக்குப் போகவில்லை,
ஐஸ் உடைக்கும் வேலையைக் கேட்டு வாங்கினார்.
ஆறு மணிக்கு வந்து யன்னலுக்கு வெளியே நிற்பார்
செதிள் ஒட்டிய சேட்டோடு.
உள்ளே விட்டாலும் வரமாட்டார்,
"நான் நாறுவன்" என்பார்.
உன்னவரும் அப்படி நின்றால் ஏசாதே.
அந்தப் பக்கம் ஒரு வாங்கு இருக்கிறது, அதைச் சொல்லு, போதும்.

மெசின் கத்தும்.
கத்தும்போது திரையைப் பார்க்காதே,
பிள்ளையின் உதட்டைப் பார், நிறத்தைப் பார்.
இதைச் சொல்லித் தந்தவ கிண்ணியா பஸ்மிலா.
அவவுக்கு இரட்டை.
ஒன்பதாம் நாள் விடிய ஒரு பெட்டி வெறுமையாயிருந்தது.
அன்றைக்கும்
மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பிப் பால் எடுத்தா.
மார்புக்கு யார் போய்ச் சொல்வது?
இரண்டு போத்தல் நிறைந்தது.
ஒன்றில் பெயர் எழுதினா.
மற்றதைப் பிடித்துக்கொண்டு நின்றா.
நான் பக்கத்தில் நின்றேன்.
ஆறுதலாக இல்லை, வாய் வரவில்லை, அவ்வளவுதான்.
கனநேரத்துக்குப் பிறகு அவவே கேட்டா,
"பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கா?"

சொந்தக்காரர் வருவார்கள்.
ஏழாம் மாதம் தங்கும், எட்டாம் மாதம் தங்காது என்பார்கள்.
முப்பத்தொன்று எப்ப என்பார்கள்.
எங்களுக்குச் சாத்திரி கேட்டனுப்பினார்,
குறிக்க வேண்டியது
வந்த நேரமா, வரவேண்டிய நேரமா என்று.
"மிஸ்ஸி கூப்பிடுறா" என்று எழும்பிப் போ.
சந்தமாலி மிஸ்ஸியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
கூப்பிடாவிட்டாலும் ஓமென்பா.
அவவுக்குத் தமிழ் கொஞ்சம்தான்.
"இண்டைக்குப் பத்துக் கிராம் கூட"
அதைமட்டும் பிழையில்லாமல் சொல்லுவா.

நாற்பதாம் நாள் சோப் வாங்க வெளியே போனேன்.
பஸ் நிலையத்தடியில் ஒரு மான், குட்டியோடு.
பிறந்து ஒரு பகல் இராது,
நாலு காலில் நிற்கிறது!
கையிலிருந்த வாழைப்பழத் தோலால் எறிந்தேன்.
தாய்மான் அதைத் தின்றுவிட்டு
இன்னும் இருக்கா என்று பார்த்தது.
றோட்டில் நின்று தனியாகச் சிரித்தேன்.

நெஞ்சோடு கட்டித் தருவார்கள் ஒருநாள்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு,
சின்னதில் எல்லாவற்றிலும் அள்ளி ஊற்றியிருக்கிறேன்.
இது எந்தக் கிணறு என்று யோசித்தேன்.
சூடு இல்லை முதலில்.
ஒரு பல்லிக்குஞ்சின் பாரம், குழாய், பிளாஸ்டர்.
அசைந்தால் ஏதும் கழன்றுவிடுமோ என்று
மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தேன்.
மிஸ்ஸி தோளில் தட்டி,
"அம்மா, நீங்க மூச்சு எடுங்க" என்றா.

இன்றைக்கு அவனுக்குக் கண் கிளினிக்.
வெளியே ஓட்டோவில் தகப்பனோடு இருக்கிறான்.
அதோ கத்துகிறது, கேட்கிறதா? அவன்தான்.
உன்னுடையதும் இப்படிக் கத்தும் என்று
நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.
அடுத்த புதன் வருவேன், அது தெரியும்.
பாணும் சம்பலும் கொண்டுவருவேன்.

போதும், கழுவியது காணும்.
பைப்பை முழங்கையால் மூடு.
கையால் தொட்டாயோ,
திரும்ப முதலிலிருந்து.